கட்டாய ஓய்வு பெற்றவரின் பதிவேட்டில் 'பணியறவு'

கேள்வி: 1997-இல் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தேன். 2018-இல் மனைவியின் அறுவைச் சிகிச்சைக்காக வெளியூர் போயிருந்தபோது விடுப்பை நீட்டிக்கக் கேட்டு எழுதினேன். ஏற்கவில்லை. 21 நாள்கள் கடந்ததும் 'விட்டோடி' என்று அறிவித்து, விசாரணை நடத்தி, 2019-இல் பணிநீக்கம் செய்தார்கள். மேல்முறையீட்டில் சரகக் காவல்துறைத் துணைத் தலைவர் (டி.ஐ.ஜி.) அதைக் கட்டாய ஓய்வாகக் குறைத்தார். அந்த ஆணையின் நகல் என்னிடம் இருக்கிறது. ஆனால் பணிப் பதிவேட்டில் இன்றுவரை 'பணியறவு' என்றே இருக்கிறதாம். ஓய்வூதியம் வரவில்லை. பாதுகாவலர் வேலைக்குப் போன இடத்திலும் மறுத்துவிட்டார்கள். மூன்று மனு கொடுத்தும் பதில் இல்லை. நான் திருடவில்லை, லஞ்சம் வாங்கவில்லை. இனி என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தென்மாவட்டம்

பதில்: கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய மூன்று மனு நகல்களையும் இரண்டு முறை படித்தேன். மூன்றுமே மனைவியின் அறுவைச் சிகிச்சையில் தொடங்கி, விசாரணை அதிகாரி உங்கள் பேச்சைக் கேட்காததைச் சொல்லி, இரண்டாம் பக்கத்தின் கடைசி வரியில்தான் பதிவேட்டுக்கு வருகின்றன. உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் மனு சிக்கிக்கொண்டதும் அங்கேதான். மாவட்டக் காவல் அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தவன் நான். இப்படி ஒரு மனு மேசைக்கு வந்தால், 'தண்டனையை மறுபரிசீலனை செய்யக் கேட்கிறார், மேல்முறையீடு ஏற்கெனவே முடிந்துவிட்டது' என்று குறிப்பெழுதிக் கோப்பில் கட்டிவிடுவார்கள். பதிவேட்டைப் பற்றிய வரி யார் கண்ணிலும் படாது.

தண்டனை நியாயமா என்பது ஒரு வழக்கு. ஆணையில் உள்ள சொல் பதிவேட்டில் இருக்கிறதா என்பது வேறு வழக்கு. இரண்டாவதில் நீங்கள் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். அதனால் இப்போதைக்கு முதலாவதைத் தொடாதீர்கள்.

'டிஸ்மிஸ்' என்று பத்திரிகைகள் பொதுவாக எழுதிவிடுகின்றன. விதிகளில் பணியறவு, பணிநீக்கம், கட்டாய ஓய்வு மூன்றும் தனித்தனித் தண்டனைகள். பணியறவு பெற்றவர் பொதுவாக மறுபடி அரசு வேலைக்கு வர முடியாது. பணிநீக்கத்தில் அந்தத் தடை இல்லை என்றாலும், அதுவரை செய்த பணிக்காலம் ஓய்வூதியத்துக்குக் கணக்கில் வராமல் போகும். கட்டாய ஓய்வில் பணிக்காலம் பறிபோவதில்லை, ஓய்வூதியம் உண்டு. நீங்கள் 1.4.2003-க்கு முன்பே சேர்ந்தவர் என்பதால் பழைய ஓய்வூதிய முறைக்குள் வருகிறீர்கள். ஆக, உங்களுக்குக் கொடுக்கவே கொடுக்காத ஒரு தண்டனை உங்கள் பெயருக்கு எதிரே எழுதப்பட்டிருக்கிறது. 2019-இன் முதல் ஆணையில்கூட அந்தச் சொல் இல்லையே!

பாதுகாவலர் வேலை கிடைக்காததற்கும் இதுதான் காரணம். தனியார் பாதுகாப்பு முகமைகளை ஒழுங்குபடுத்தும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, மாநிலக் காவல்துறையில் ஒழுங்கீனத்துக்காகப் பணியறவோ பணிநீக்கமோ செய்யப்பட்டவரைப் பாதுகாவலராக வைக்கக்கூடாது என்கிறது. கட்டாய ஓய்வு அந்த வரியில் இல்லை. காவல்துறையில் இருந்தவருக்கு முன்னுரிமை தரலாம் என்று சொல்வதும் அதே பிரிவுதான். மேல்முறையீட்டு ஆணையின் நகலோடு அந்த நிறுவனத்துக்கு இன்னொரு முறை போய்வாருங்கள்; பதிவேடு திருந்தும்வரை காத்திருக்க வேண்டாம்.

பிழை எப்படி வந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. சரக அலுவலகத்திலிருந்து வரும் ஆணையைச் செயல்படுத்தி மாவட்ட ஆணை, அதாவது 'டி.ஓ.', போட வேண்டும். அதைப் பார்த்துத்தான் எழுத்தர் பதிவேட்டில் கை வைப்பார். டி.ஓ. போடப்படவில்லை என்றால், அல்லது போட்ட டி.ஓ. உங்கள் பதிவேட்டின் பக்கத்துக்கு வந்து சேரவில்லை என்றால், 2019-இல் பணிநீக்கத்துக்குப் பதில் 'பணியறவு' என்று யாரோ தவறாக எழுதிய பழைய பதிவு அப்படியே கிடக்கும்.

எனவே முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். தண்டனை ஆணை, மேல்முறையீட்டு ஆணை, அதைச் செயல்படுத்திய டி.ஓ., உங்கள் பணிப் பதிவேட்டின் எல்லாப் பக்கங்கள் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களைக் கேளுங்கள். 'ஏன் திருத்தவில்லை' என்று கேட்காதீர்கள். அந்தச் சட்டத்தில் கிடைப்பது ஆவணம்தான், காரணம் கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். டி.ஓ. இல்லை என்று எழுதிக் கொடுத்தால் அதுவே உங்களுக்குப் பெரிய ஆயுதம்.

நகல்கள் வந்ததும், அங்கமச்ச அடையாளமும் விரல் ரேகையும் இருக்கும் முதல் பக்கத்தைப் பார்த்து அது உங்களுடைய பதிவேடுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சிரிக்காதீர்கள். ஒரே பெயரும் ஒரே தலைப்பெழுத்தும் கொண்ட இரண்டு காவலர்களின் பதிவுகள் மாறிப்போனதை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

பிறகு காவல் கண்காணிப்பாளருக்கு ஒரே பக்கத்தில் மனு எழுதுங்கள். 'இந்த எண், இந்தத் தேதியிட்ட மேல்முறையீட்டு ஆணையின்படி எனது தண்டனை கட்டாய ஓய்வு. பதிவேட்டின் இந்தப் பக்கத்தில் பணியறவு என்று உள்ளது. ஆணைக்கு ஏற்பத் திருத்திச் சான்றொப்பமிட்டு, ஓய்வூதியக் கருத்துருவை மாநிலக் கணக்காயருக்கு அனுப்பக் கோருகிறேன்.' இதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். மனைவியின் சிகிச்சையைப் பற்றி எழுதக் கை துடிக்கும். எழுதாதீர்கள். நேரில் கொடுத்தால் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். பழைய சொல் தெரியும்படி ஒற்றைக் கோடிட்டு, மேலே சரியான சொல்லை எழுதி, அதிகாரி கையொப்பமிடுவதுதான் முறையான திருத்தம். யாராவது நல்ல மனதோடு அழித்து எழுதித் தருவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நாளைக்கு அந்தப் பக்கமே சந்தேகத்துக்கு உள்ளாகும். கணினிப் பதிவு இருந்தால் அதையும் திருத்தச் சொல்லுங்கள்.

இரண்டு மாதம் பார்த்துவிட்டு, பதில் இல்லையென்றால் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிப்பேராணை (ரிட்) மனு போடலாம். அரசு ஊழியர்களுக்கென முன்பு இருந்த மாநில நிர்வாகத் தீர்ப்பாயம் இப்போது இல்லை. ஆணையைச் செயல்படுத்தச் சொல்லிக் கேட்பது மட்டுமே என்பதால் வழக்கு எளிமையானது. கட்டணத்துக்கு வழியில்லை என்றால் அங்குள்ள சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள்.

மேல்முறையீட்டு ஆணையில் இன்னும் இரண்டு இடங்களைப் பாருங்கள். கட்டாய ஓய்வு எந்தத் தேதியிலிருந்து நடைமுறைக்கு வருகிறது? வராமல் இருந்த நாள்களை எப்படிக் கணக்கிட்டிருக்கிறார்கள்? ஓய்வூதிய நிலுவை இவற்றைப் பொறுத்ததுதான். ஆணையின் நகல் கையில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டு வரிகளையும் எழுதி எனக்கு அனுப்புங்கள், அடுத்த இதழில் அதைப் பார்த்துச் சொல்கிறேன். உங்கள் மனைவி இப்போது எப்படி இருக்கிறார் என்பதை நீங்கள் எழுதவில்லை. அதையும் எழுதுங்கள்.