வாய்க்கால் கரையில் வேலையின்மையைக் கணக்கெடுக்க: கேள்வி பதில்

டெல்டா நகரங்களில் வாய்க்கால் கரை, ரயில் பாதை ஓரம் எனப் பட்டா இல்லாமல் குடியிருக்கும் இளைஞர்களின் வேலை நிலையை ஆய்வு செய்பவர்கள் கேட்டவை.

அக்கா, கும்பகோணத்தில் 40 வீடுகளில் கேட்டேன். பெரும்பாலான பையன்கள் வேலை இருக்கிறது என்றார்கள். ஆனால் பகலெல்லாம் மதகில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கே தப்பு?

கேள்வியில்தான், தம்பி. அம்மா பக்கத்தில் நிற்கும்போது "வேலை இல்லை" என்று எந்தப் பையன் சொல்வான்? "நேற்று என்ன செய்தாய்? முந்தாநாள்?" என்று ஏழு நாளையும் பின்னோக்கிக் கேளுங்கள். ஒருநாள் பந்தல் போட்டிருப்பான், ஒருநாள் கல்யாணத்தில் பரிமாறியிருப்பான், மீதி நாள் போன் வருமா என்று காத்திருப்பான். மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில், நடப்பு வார முறைப்படி, ஏழு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்தாலே அவன் வேலையில் இருப்பவன். ஒப்பிடுவதற்கு அந்த வரையறை வேண்டும், விடாதீர்கள். ஆனால் பக்கத்திலேயே எத்தனை நாள், எவ்வளவு கூலி, யார் கூப்பிட்டார்கள் என்று எழுதுங்கள். எனக்கு அந்த மூன்றும்தான் முக்கியம்.

எந்த மாதம் போவது?

இரண்டு முறை போங்கள். வயல் வேலை தண்ணீரைப் பொறுத்தது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடும். தை, மாசியில் சம்பா அறுவடை, கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கும் வேலை இருக்கும். சித்திரையில் அதே தெரு வேறு மாதிரி இருக்கும். அறுவடை மெஷின் வந்தபிறகு அந்த தை மாத வேலையும் சுருங்கிவிட்டது, அதையும் கேளுங்கள்.

திருப்பூர் போனவர்களைச் சேர்ப்பதா?

கட்டாயம். உள்ளூரில் வேலை இல்லாமல்தானே போனார்கள்! அவர்களை விட்டுவிட்டால் உள்ளூரில் வேலை இல்லாத நிலை குறைவாகத் தெரியும். எப்போது போனான், ஏன் திரும்பினான் என்று வீட்டில் கேளுங்கள். பொங்கலுக்கு வரும்போது அவர்களிடமே பேசலாம்.

பெண்கள் "வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்" என்கிறார்களே?

வேலை தேடவும் இல்லை, வேலைக்குத் தயார் என்றும் சொல்லவில்லை என்றால் அவர்கள் வேலையற்றோர் கணக்கில் வரமாட்டார்கள். "பக்கத்தில் வேலை கிடைத்தால் போவாயா?" என்று கேட்டுத் தனியாகப் பதியுங்கள்.

வீடுகளின் பட்டியல் எங்கே கிடைக்கும்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், அரசு ஏற்கெனவே அறிவிக்காத இடத்தைக் குடிசைப் பகுதியாகச் சேர்க்க குறைந்தது 300 பேர், அல்லது சுமார் 60-70 வீடுகள் வேண்டும். கரையில் வரிசையாக இருக்கும் பதினைந்து வீடு அதில் வராது. நடந்துபோய் நீங்களே எண்ணுங்கள். அப்புறம், வீட்டை இடிக்க அளக்க வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். காகிதத்தோடு யார் வந்தாலும் அங்கே அந்தப் பயம்தான். பெயரை எழுதாதீர்கள்.