என் துக்கம் குறையவும்

அன்புள்ள ஐயா,

என் தம்பி இறந்து எட்டு மாதமாகிறது. சபையில் பார்க்கிறவர்கள் எல்லோரும் 'கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்' என்ற வசனத்தையே சொல்கிறார்கள். விசுவாசி என்கிற சாட்சி கெட்டுவிடக் கூடாது என்று நான் யார் முன்னாலும் அழுவதில்லை. ஆனால் உள்ளே சந்தோஷம் என்று ஒன்றுமே இல்லை. என் விசுவாசத்தில்தான் குறையா? துக்கத்திலும் நிலைக்கிற சந்தோஷத்தை எப்படிப் பெறுவது? தினமும் எவ்வளவு நேரம் ஜெபிக்க வேண்டும், என்ன புத்தகங்கள் படிக்கலாம் என்று சொல்லுங்கள். போன வாரம் தம்பி அடிக்கடி சொல்லும் ஒரு ஜோக் நினைவுக்கு வந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். அதுவும் உறுத்துகிறது.

எம்.

அன்புள்ள எம்.,

புத்தகப் பட்டியல் தரமாட்டேன். ஜெபத்துக்கு நிமிடக் கணக்கும் என்னிடம் இல்லை. வார்த்தை வருகிற நாளில் ஜெபியுங்கள், வராத நாளில் சும்மா உட்கார்ந்திருங்கள்.

எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. அழுதால் சாட்சி கெட்டுவிடுமா? யாரைப் பற்றிய சாட்சி அது? இறந்துபோன லாசருவை இன்னும் கொஞ்ச நேரத்தில் உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே கண்ணீர் விட்டாரே இயேசு, அவரைப் பற்றியா? கூடப்பிறந்தவனைப் பறிகொடுத்த அக்கா எட்டு மாதமாக ஒருவர் முன்னாலும் அழவில்லை என்றால் அதை நான் விசுவாசம் என்று சொல்லமாட்டேன், நடிப்பு என்றுதான் சொல்வேன். நடிக்கச் சொன்னவர்களைத் திட்ட வேண்டும். ஒத்துக்கொண்ட உங்களையும் கொஞ்சம் திட்டலாம்.

நானும் ஒரு காலத்தில் ஒருவரை நடிக்கச் சொன்னவன்தான். அம்மா இறந்தபோது எனக்கு 17 வயது. பக்தி புதிதாகப் பிடித்திருந்த நேரம், வாயைத் திறந்தால் வசனம். அம்மா போன மூன்றாவது வாரம், அவளுடைய மூக்குக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா அழுதுகொண்டிருந்தார். நான் போய் எதிரே நின்று இதே வசனத்தை, அப்போஸ்தலன் பவுல் பிலிப்பி சபைக்கு எழுதிய நிருபத்தின் 4:4ஐ, ஒப்பித்தேன். அவர் கோபப்படவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்த நிருபம் மொத்தமே நாலு அதிகாரம்தான்டா. முழுசா வாசிச்சியா?" என்று மட்டும் கேட்டார்.

வாசித்திருக்கவில்லை. அன்று ராத்திரி வீம்புக்காக வாசித்தேன்.

அதில் எப்பாப்பிரோதீத்து என்று ஒருவர் வருகிறார். பெயர் வாயில் நுழையாததாலோ என்னவோ, இவரைப் பற்றி யாரும் பிரசங்கிப்பதில்லை. சிறையில் இருந்த பவுலுக்குப் பிலிப்பி சபையாரின் உதவியைக் கொண்டுவந்தவர், வந்த இடத்தில் சாகக் கிடந்து பிழைக்கிறார். அதைச் சொல்லும்போது பவுல் எழுதுகிறார்: 'துக்கத்தின்மேல் துக்கம்' தனக்கு உண்டாகாதபடிக்கு தேவன் இரங்கினார் என்று. இந்த வரியை நிறுத்தி வாசியுங்கள். துக்கத்தின்மேல் துக்கம் என்றால் அடியில் ஏற்கெனவே ஒரு துக்கம் கிடக்கிறது. எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள் என்று எழுதிய அதே ஆள், அதே கடிதத்தில், எனக்குத் துக்கம் உண்டு என்று ஒளிக்காமல் சொல்கிறார்.

அடுத்த வசனம் இன்னும் முக்கியம். நீங்கள் அவனைக் கண்டு சந்தோஷப்படவும் 'என் துக்கம் குறையவும்' அவனை அனுப்பினேன் என்கிறார். நீங்கவும் என்றில்லை, குறையவும். மூலமான கிரேக்கத்திலும் 'துக்கம் குறைந்தவனாக' என்கிற பொருளில்தான் அந்தச் சொல் இருக்கிறது. பவுலுக்கே குறைந்தால் போதும் என்று இருந்திருக்கிறது. உங்களிடம் அடியோடு நீங்கச் சொல்ல இவர்கள் யார்? மூன்றாம் அதிகாரத்துக்கு வந்தால் 'கண்ணீரோடும் சொல்லுகிறேன்' என்கிறார். அதற்கு அப்புறம்தான், நாலாவது அதிகாரத்தில்தான், உங்கள் சபையார் சொல்லும் வசனம் வருகிறது. முந்தைய மூன்று அதிகாரத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு அதை மட்டும் நீட்டினால் அது கல்லாகத்தான் வந்து விழும்.

இன்னொன்று. தமிழில் 'இருங்கள்' என்பது மரியாதைக்கும் வரும், பன்மைக்கும் வரும். அதனால் அது தனியாக நம்மைப் பார்த்துச் சொன்னதுபோலக் காதில் விழுகிறது. கிரேக்கத்தில் அது பன்மை. ஒரு சபை முழுவதும் சேர்ந்து உட்கார்ந்து கேட்பதற்காக எழுதிய வார்த்தை அது. உங்கள் சபையார் தங்கள் பங்கையும் சேர்த்து உங்கள் தலையில் ஏற்றிவிட்டார்கள்.

நிலைக்கிற சந்தோஷம் என்று கேட்டீர்கள், எங்கேயோ போய்விட்டேன். எனக்குத் தெரிந்தது இதுதான். அப்பா பாடகர் குழுவில் பேஸ், அதாவது ராகத்துக்கு அடியில் வரும் தாழ்ந்த குரல், பாடுகிறவர். வீட்டில் காலை ஜெபத்தில் அம்மா ராகத்தைப் பாட, அவர் அடியில் பேஸ் பிடிப்பார். அம்மா போன பிறகு பல மாதம் பாட்டே இல்லை. ஒருநாள் காலையில் அவர் குரல் கேட்டது. ராகத்தை எடுக்கவில்லை, தன்னுடைய பேஸை மட்டும் பாடினார். வெறும் பேஸ் பாட்டாகவே இருக்காது, நாலு சுரத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். நடுவில் குரல் உடையும், மூக்கை உறிஞ்சுவார், மறுபடி பிடிப்பார். அம்மாவின் வரி வர வேண்டிய இடங்களில் அவளுக்காக நேரம் விட்டுக் காத்திருந்து, அப்புறம் சேர்ந்துகொள்வார். கடைசி வரைக்கும் அப்படித்தான் பாடினார். அவர் முகத்தில் அப்போது இருந்ததைத் துக்கம் என்று மட்டும் சொல்ல என்னால் முடியவில்லை.

அப்புறம், சிரித்தது உறுத்துகிறது என்று சொல்லியிருந்தீர்கள். என்ன ஜோக் என்று எழுதவே இல்லையே? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.