மேமோகிராம் ரிப்போர்ட்டில் ‘சி’ என்று இருந்தால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: எனக்கு 46 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கம்பெனி ஏற்பாடு செய்த முழு உடல் பரிசோதனையில் முதல்முறையாக மேமோகிராம் எடுத்தேன். ரிப்போர்ட்டில் ‘மார்பகத் திசு அடர்த்தி: ஏசிஆர் சி’, ‘பைராட்ஸ் 2’, ‘சோனோமேமோகிராமுடன் ஒப்பிட்டுப் பார்க்கவும்’ என்று போட்டிருக்கிறது. கட்டி எதுவும் கையில் தட்டுப்படவில்லை. மாதவிடாய்க்கு முன்னால் மட்டும் இரண்டு பக்கமும் வலிக்கும். அத்தைக்கு, அதாவது அப்பாவின் அக்காவுக்கு, 60 வயது தாண்டி மார்பகப் புற்றுநோய் வந்தது. அடர்த்தி என்றால் நோயின் தொடக்கமா? குழந்தைகளுக்கு ஆறு மாதம்தான் பால் கொடுத்தேன், அதனால் வந்ததா? கூட வேலை பார்க்கும் அக்கா எம்ஆர்ஐ எடுத்தே ஆகவேண்டும் என்கிறார். அடிக்கடி எடுத்தால் கதிர்வீச்சால் கெடுதல் வராதா?

பதில்: அடர்த்தி நோய் இல்லை, நோயின் தொடக்கமும் இல்லை. உங்கள் ரிப்போர்ட்டில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கின்றன. எண், மேமோகிராமில், அதாவது மார்பக எக்ஸ்ரே படத்தில், என்ன தெரிந்தது என்று சொல்கிறது. எழுத்து, அந்தப் படத்தை எவ்வளவு நம்பலாம் என்று சொல்கிறது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதிப் பயம் வருகிறது.

எண்ணை முதலில் முடித்துவிடுவோம். பைராட்ஸ் என்பது படத்தில் தெரிந்ததை 0 முதல் 6 வரை வகைப்படுத்தும் முறை. பைராட்ஸ் 1 என்றால் எதுவும் இல்லை. 2 என்றால் ஏதோ ஒன்று தெரிகிறது, ஆனால் அது தீங்கில்லாதது: பழைய சுண்ணாம்புப் படிவு, நீர்க்கட்டி, அக்குளில் இயல்பான ஒரு நெறி (நிணநீர் முடிச்சு), இப்படி ஏதாவது. 3 என்றால் அநேகமாகத் தீங்கில்லை, புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் போகாது. ஆறு மாதத்தில் மறுபடி பார்ப்போம். 4ம் 5ம் வந்தால் பயாப்சி, அதாவது திசுவைக் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பது. 6 என்பது ஏற்கெனவே புற்றுநோய் என்று உறுதியானவர்களுக்கு. 0 வந்தால் சிலர் ‘ஒன்றுமில்லை’ என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அது தவறு, படம் முழுமையாகவில்லை, இன்னும் பரிசோதனை பாக்கி இருக்கிறது என்பதுதான் பூஜ்யத்தின் பொருள். இதற்கும் புற்றுநோயின் ஸ்டேஜுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பைராட்ஸ் 2 என்பதை ‘ரெண்டாம் ஸ்டேஜ்’ என்று படித்துவிட்டு, குடும்பத்தோடு அழுதுகொண்டே வருகிறவர்கள் உண்டு. உங்கள் எண் 2. அதோடு அந்தக் கவலையை விட்டுவிடலாம்.

இனி எழுத்து. அதற்கு முன்னால் வரும் ‘ஏசிஆர்’, இந்த வகைகளை வகுத்த அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் கழகத்தின் சுருக்கம். மார்பகத்துக்குள் கொழுப்பு இருக்கிறது, பால் சுரப்பிகளும் குழாய்களும் இருக்கின்றன, அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் நார்த்திசுவும் இருக்கிறது. கொழுப்பு எக்ஸ்ரேயில் கருப்பாக, சாம்பலாகத் தெரியும். சுரப்பியும் நாரும் வெள்ளையாகத் தெரியும். வெள்ளை எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை வைத்து ஏ, பி, சி, டி என்று நான்காகப் பிரிக்கிறோம். ஏ என்றால் ஏறக்குறைய முழுதும் கொழுப்பு. பி என்றால் அங்கங்கே சிதறிய வெள்ளை. சி என்றால் பல இடங்களில் திரண்ட வெள்ளை. டி என்றால் எங்கு பார்த்தாலும் வெள்ளை. சியும் டியும்தான் ‘அடர்த்தி’ என்று பெயர் வாங்குபவை. அமெரிக்காவில் நாற்பது தாண்டிய பெண்களில் பத்துப் பேரை எடுத்துக்கொண்டால் சுமாராக ஒருவர் ஏ, நான்கு பேர் பி, நான்கு பேர் சி, ஒருவர் டி. அதாவது, பாதிப்பேர் உங்கள் கட்சி. சிறு வயதில் அடர்த்தி கூடுதலாகவே இருக்கும். நம் நாட்டில் மேலை நாடுகளைவிட இளவயதிலேயே மார்பகப் புற்றுநோய் வருபவர்கள் அதிகம் என்பதால், இங்கே இந்த எழுத்தைக் கொஞ்சம் கவனித்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

தொட்டுப் பார்த்து அடர்த்தியைச் சொல்ல முடியாது. கெட்டியாக இருக்கும் மார்பகம் படத்தில் பி ஆகவும், மென்மையாக இருப்பது டி ஆகவும் வரலாம். பால் கொடுத்த காலம் இதற்குக் காரணம் இல்லை. அந்தக் குற்ற உணர்வு உங்களுக்கு வேண்டாம். உடல்வாகு, பரம்பரை, வயது, உடல் எடை, ஹார்மோன் ஆகியவைதான் காரணம். மாதவிடாய் நின்ற பிறகு பொதுவாகக் குறையும். அந்தச் சமயத்தில் ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்களுக்குக் கூடலாம். அடர்த்தியைக் குறைக்கும் கஷாயம், எண்ணெய், மசாஜ் என்று வாட்ஸ்அப்பில் வருவதற்கெல்லாம் காசு செலவழிக்காதீர்கள். இன்னொன்றும் உண்டு. பிக்கும் சிக்கும் நடுவே கோடு மெல்லியது. ஒரே படத்தை ஒரு டாக்டர் பி என்பார், இன்னொருவர் சி என்பார். அடுத்த முறை பி என்று வந்தால் ஏதோ குணமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

சரி, அப்படியானால் இந்த எழுத்தை எதற்கு எழுதுகிறோம்? புற்றுநோய்க் கட்டியும் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத்தான் தெரியும் என்பதற்காக. கருப்புத் தரையில் விழுந்த சோற்றுப் பருக்கை உடனே கண்ணில் படும். வெள்ளை வேட்டியில் விழுந்தால் தேட வேண்டும். ரிப்போர்ட் எழுதும் மருத்துவர்களான நாங்கள் படங்களைப் பார்க்கும்போது வலது, இடது மார்பகப் படங்களை முதுகோடு முதுகாக ஒட்டிவைத்தாற்போலத் திரையில் நிறுத்துவோம். பக்கத்துக்கு இரண்டு படம்: ஒன்று மேலிருந்து கீழாக, மற்றது அக்குள் தெரிகிற மாதிரி சாய்வாக. ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்தில் இல்லாதது என்ன, போன முறை இல்லாமல் இந்த முறை வந்தது என்ன என்று தேடுவோம். ஏ வகைப் படத்தில் அரை சென்டிமீட்டர் கட்டிகூட எழுந்து நின்று கையசைக்கும். டி வகையில் கட்டியின் ஓரம் வெள்ளைக்குள் கரைந்துபோய், நார்கள் ஓரிடத்தில் லேசாக இழுபட்டிருப்பது மட்டுமே துப்பாகக் கிடைக்கும். சில சமயம் அதுவும் கிடைக்காது. கொழுப்பு மிகுந்த மார்பகத்தில் பத்துப் புற்றுநோய்களில் எட்டு, ஒன்பது மேமோகிராமில் பிடிபடும். டி வகையில் அது ஆறு அளவுக்கு இறங்கிவிடலாம். சி நடுவில் நிற்கிறது. ஆனால் புற்றுநோயின் ஆரம்ப அறிகுறியான நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் அடர்த்தியான மார்பகத்திலும் பெரும்பாலும் தெரியும். அதனால் ‘அடர்த்தி இருக்கிறது, மேமோகிராம் வீண்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அடர்த்தியால் புற்றுநோய் வரும் வாய்ப்பும் ஓரளவு கூடுகிறது. இணையத்தில் தேடினால் ‘நான்கு மடங்கு’ என்று வரும். அது டி வகையை ஏ வகையோடு ஒப்பிட்ட கணக்கு. இரண்டு முனைகளையும் பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் பெரிதாகத்தான் இருக்கும். சராசரிப் பெண்ணோடு ஒப்பிட்டால் டி வகைக்குச் சுமார் இரண்டு மடங்கு, சி வகைக்கு 1.2 மடங்கு அளவு. உங்கள் ‘சி’ இவ்வளவுதான்.

சோனோமேமோகிராமைப் பொறுத்தவரை, எடுத்துக்கொள்ளுங்கள். மார்பகத்துக்கான அல்ட்ராசவுண்ட்தான் அது. கதிர்வீச்சு கிடையாது, வலி கிடையாது. நம் ஊர் ஸ்கேன் சென்டர்களில் மேமோகிராம் எடுத்த அன்றே செய்துகொள்ள முடிவதும் வசதி. எக்ஸ்ரேயில் ஒரே வெள்ளையாகத் தெரியும் சுரப்பியும் கட்டியும் அல்ட்ராசவுண்டில் பிரிந்துவிடும்: சுரப்பித் திசு வெளிறியும், கட்டி பெரும்பாலும் கருத்தும் தெரியும். ஜப்பானில் நாற்பதுகளில் இருக்கும் 70,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஜே-ஸ்டார்ட் ஆய்வின் முடிவு 2016ல் வந்தது. மேமோகிராம் மட்டும் எடுத்தபோது 77 சதவீதப் புற்றுநோய்கள் பிடிபட்டன. அல்ட்ராசவுண்டும் சேர்ந்தபோது 91 சதவீதம். உங்கள் வயது அதற்குள்தான் வருகிறது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு, அதைச் சொல்லாமல் அனுப்பக் கூடாது. அல்ட்ராசவுண்ட் எதைப் பார்த்தாலும் காட்டிக்கொடுக்கும். நீர்க்கட்டி, ஃபைப்ரோஅடினோமா என்ற தீங்கில்லாத கட்டி, ஒன்றுமே இல்லாத ஒரு கொழுப்புத் திட்டு எல்லாம் ரிப்போர்ட்டில் ஏறும். அதில் சிலவற்றுக்கு ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன், சிலவற்றுக்கு ஊசி வைத்துச் சோதனை. முடிவில் பெரும்பாலானவை ஒன்றுமில்லை என்றுதான் வரும். அந்த ஜப்பான் ஆய்விலும் தேவையில்லாமல் மேற்கொண்டு சோதிக்கப்பட்டவர்கள் அல்ட்ராசவுண்ட் குழுவில்தான் அதிகம். இதையெல்லாம் யோசித்துத்தான் அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2024ல், அடர்த்தி உள்ள எல்லோருக்கும் கூடுதல் ஸ்கேன் செய்யச் சொல்லும் அளவுக்குச் சான்று போதாது என்றது. என் கருத்து: நாற்பதுகளில் இருப்பவர், சி அடர்த்தி, ரிப்போர்ட் எழுதியவரே கேட்டிருக்கிறார், ஒருமுறை செய்துவிடுவது நல்லது. அதில் பைராட்ஸ் 3 என்று ஒரு சின்னக் கட்டி வந்தால் இரவுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல், சொன்ன தேதியில் போய்ப் பார்த்தால் போதும்.

எம்ஆர்ஐ இப்போது உங்களுக்கு வேண்டாம். கூட வேலை பார்க்கும் அக்கா கேள்விப்பட்டது பெரும்பாலும் நெதர்லாந்து ஆய்வாக இருக்கும். 2019ல் வெளியான அந்த ஆய்வில், மேமோகிராம் நன்றாக இருந்தவர்களை எம்ஆர்ஐ எடுக்கவும் அழைத்தபோது, அடுத்த பரிசோதனைக்குள் வெளிப்படும் புற்றுநோய் ஆயிரம் பேருக்கு 5 என்பதிலிருந்து 2.5 ஆகக் குறைந்தது. நல்ல முடிவுதான். ஆனால் அதில் சேர்ந்தவர்கள் எல்லோரும் டி வகை, வயது 50 முதல் 75 வரை. முதல் சுற்றில் ஆயிரத்துக்குச் சுமார் 80 பேர் புற்றுநோய் இல்லாமலேயே மேல்பரிசோதனைக்கு அழைக்கப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கையில் ஊசி போட்டு மருந்து ஏற்றி, குப்புறப் படுக்கவைத்து எடுக்கும் பரிசோதனை இது. செலவும் பல ஆயிரம் ஆகும். மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் உள்ளவர்கள், இளம் வயதில் நெஞ்சுப் பகுதிக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்தவர்கள், குடும்பத்தில் பலருக்கு நோய் வந்தவர்கள் ஆகியோருக்கு எம்ஆர்ஐ தேவை.

அத்தை விஷயத்துக்கு வருவோம். அப்பா வழிச் சொந்தம் என்று பலர் இதைச் சொல்லவே மாட்டார்கள். நீங்கள் சொன்னது நல்லது. மரபணு அப்பா வழியிலும் அதே அளவுக்கு வரும். ஆனால் 60 வயதுக்கு மேல் ஓர் அத்தைக்கு மட்டும் வந்தது உங்கள் கணக்கைப் பெரிதாக மாற்றாது. வீட்டுப் பெரியவர்களிடம் இன்னும் சிலவற்றைக் கேளுங்கள்: வேறு யாருக்காவது 50 வயதுக்குள் வந்ததா, சூலகப் புற்றுநோய் யாருக்காவது உண்டா, ஆண்கள் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் வந்ததா? ஏதாவது ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தால், மரபணு ஆலோசனை பற்றிப் புற்றுநோய் மருத்துவரிடம் பேசுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? நான் மேலே சொன்ன அமெரிக்கப் பணிக்குழு 40 முதல் 74 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்கிறது. அங்கேயே வேறு சங்கங்கள் ஆண்டுதோறும் என்கின்றன. நம் அரசுத் திட்டத்தில் எல்லோருக்கும் மேமோகிராம் கிடையாது. 30 முதல் 65 வயது வரை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பயிற்சி பெற்றவர் கையால் பரிசோதிப்பதுதான் அங்கே வழி. கையால் பார்ப்பதா என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை சுமார் ஒன்றரை லட்சம் பெண்களிடம் 20 ஆண்டுகள் நடத்திய ஆய்வில், சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்ததிலேயே, 50 வயது தாண்டியவர்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் 30 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. 50க்குக் கீழே அந்தப் பலன் தெளிவாகத் தெரியவில்லை. உங்களைப் பொறுத்தவரை மாதவிடாய் நிற்கும்வரை ஆண்டுக்கு ஒருமுறை, அப்புறம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒருமுறை எடுக்கும்போது உடலில் ஏறும் கதிர்வீச்சு சுமார் 0.4 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நாம் எல்லோரும் ஏழு வாரத்தில் வாங்கிக்கொள்வதற்குக் கிட்டத்தட்டச் சமம். கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மாதவிடாய்க்கு முன் இரண்டு பக்கமும் வரும் வலி ஹார்மோனால் வருவது. அது தனியாகப் புற்றுநோயின் அடையாளம் ஆவது அரிது. ஆனால் புதிதாக ஒரு கட்டி, தோல் உள்ளிழுத்தல் அல்லது ஆரஞ்சுத் தோல்போல ஆவது, காம்பு உள்ளே போவது, ஒரு பக்கக் காம்பிலிருந்து ரத்தம் கசிவது, அக்குளில் கட்டி, இவற்றில் எது வந்தாலும் அடுத்த மேமோகிராம் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். ‘போன மாதம்தானே நார்மல் என்றார்கள்’ என்ற எண்ணம்தான் அடர்த்தி உள்ளவர்களுக்கு உண்மையான ஆபத்து. ரிப்போர்ட் நன்றாக இருந்தாலும் கையில் தட்டுப்படும் கட்டிக்குத்தான் முதல் மரியாதை. அதைக் கண்டிப்பாகத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

அடுத்த முறை மாதவிடாய் முடிந்த வாரத்தில் போங்கள்; அழுத்தும்போது வலி குறைவாக இருக்கும், அழுத்துவதும் சில விநாடிகள்தான். சுடிதார் அல்லது புடவை-ரவிக்கை, மேலுடையை மட்டும் கழற்றும்படி இருந்தால் வசதி. பழைய படங்களின் சிடியைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். வெறும் ரிப்போர்ட் தாளை வைத்துக்கொண்டு ஒப்பிட முடியாது. அன்று குளித்துவிட்டு அக்குளில் பவுடரும் டியோடரன்ட்டும் போடாதீர்கள். அதிலிருக்கும் துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளிகள்போல விழுந்து, துடைத்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டிவரும்.