பதில்: வாட்ஸ்அப்பில் வரும் பாஸ்புக் போட்டோக்கள்

வணக்கம் சார். வருமான வரி தாக்கலுக்கு வாடிக்கையாளர் அனுப்பும் பாஸ்புக் போட்டோவில் 3-ம் 8-ம் ஒன்றுபோலத் தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். கேமரா மேல் பழி இல்லை. போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். பேப்பர் கிளிப் குறியைத் தொட்டு ‘டாக்குமெண்ட்’ வழியாக அனுப்பச் சொல்லுங்கள். அசல் தரத்திலேயே வரும்.

ஆனால் பாஸ்புக்கையே தவிர்ப்பது உத்தமம். நெடுநாள் பதியாமல் விட்டால் சில வங்கிகளில் பல வரவுகளைக் கூட்டி ஒரே வரியாக அடித்துவிடுவார்கள். பிறகு வட்டி எது, வாடகை எது என்று பிரிக்க வழியே இல்லை. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான ஸ்டேட்மெண்டை நெட் பேங்கிங்கிலிருந்து எக்செல்லாக இறக்கித் தரச் சொல்லுங்கள். லாகின் பாஸ்வேர்டை அவர்களே நீட்டினாலும் வாங்காதீர்கள்.

போட்டோதான் கிடைக்கும் என்றால், ஒரு பக்கத்தின் கடைசி இருப்பும் அடுத்த பக்கத்தின் தொடக்க இருப்பும் ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். விடுபட்ட பக்கம் அங்கேயே மாட்டும். (நடுப்பக்கம்தான் எப்போதும் காணாமல் போகும்!) 3-ஆ 8-ஆ என்ற சந்தேகத்துக்கும் முந்தைய இருப்போடு கூட்டிக் கழித்தால் விடை வந்துவிடும்.

வருமான வரித் துறையின் பூட்டிய பிடிஎஃப்-க்குப் பாஸ்வேர்ட்: 26ஏஎஸ் (பிடித்த வரியின் விவரம்) என்றால் பிறந்த தேதி, எட்டு இலக்கம் (நாள், மாதம், ஆண்டு). ஏஐஎஸ் (ஆண்டு வருமான, பரிவர்த்தனை விவரம்) என்றால் பான் எண் சிறிய எழுத்தில், அதோடு ஒட்டிப் பிறந்த தேதி.