கடல்நீர்த் தொட்டிக்கு ஒரு பாசி அறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் வீட்டில் 120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உயரமும் உள்ள கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. முறையாகத் தண்ணீர் மாற்றியும் நைட்ரேட் 40 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்னும் அளவு) கீழே இறங்கவில்லை. அடியிலுள்ள சம்ப்பில் (மேல்தொட்டி நீர் வந்து விழும் துணைத் தொட்டி) ரெஃபியூஜியம், அதாவது பாசி வளர்க்கும் அறை, அமைத்தால் குறையும் என்கிறார்கள். எப்படிக் கட்டுவது? மின்வெட்டு நேரத்தில் தண்ணீர் வழிந்து வீட்டுக்குள் ஓடிவிடுமோ என்றும் அஞ்சுகிறேன்.
— வாசகர், கே.கே. நகர், மதுரை

பதில்: குறையும். ஆனால் எதனால் குறைகிறது என்பதைத் தெரிந்துகொண்டு கட்டினால்தான் அது நீடிக்கும். மீனுக்குப் போடும் தீனியிலுள்ள நைட்ரஜன் முதலில் அம்மோனியாவாகவும் பிறகு நைட்ரைட்டாகவும் மாறி, இறுதியில் நைட்ரேட்டாகத் தொட்டியில் தேங்குகிறது. ரெஃபியூஜியத்தில் வளரும் பாசி அந்த நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சித் தன் உடலாக்கிக்கொள்கிறது. அந்தப் பாசியை நீங்கள் அள்ளி வெளியே எடுக்கும் நாளில்தான் அவை உண்மையில் தொட்டியைவிட்டுப் போகின்றன. அள்ளாமல் விட்டால், அடர்ந்த பாசியின் அடிப்பகுதி வெளிச்சம் கிடைக்காமல் அழுகி, உறிஞ்சியதையெல்லாம் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும். கீரைப்பாத்தியைப் பார்த்துக்கொள்வதுபோல வெளிச்சம், ஊட்டம், அறுவடை மூன்றையும் தொடர்ந்து கவனிக்க மனமுள்ளவர்களே இதில் இறங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கட்டத் தொடங்கும் முன், உப்புக் கலக்கும் நன்னீரிலேயே நைட்ரேட் இருக்கிறதா என்று பரிசோதித்துவிடுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரையோ லாரித் தண்ணீரையோ நேராகக் கலப்பவர்கள், ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் புதிதாக நைட்ரேட்டைச் சேர்த்துக்கொண்டிருக்கக்கூடும். வீட்டு ஆர்.ஓ. இயந்திரமும் நைட்ரேட்டை முழுமையாகத் தடுப்பதில்லை. அதற்குப் பின்னால், மிஞ்சிய கரைந்த உப்புகளைப் பிடித்துவைக்கும் டி.ஐ. ரெசின் குழாய் ஒன்றை இணைப்பது நல்லது.

சம்ப்பின் அளவு 90×38×38 செ.மீ., அதில் நிற்கும் நீரின் உயரம் 25 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மேல்தொட்டியிலிருந்து வழியும் நீர் விழும் முதல் அறையில் ஸ்கிம்மரும் (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி), கடைசி அறையில் நீரை மேல்தொட்டிக்கே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப்பும் இருக்கட்டும். நடுவில் 40 செ.மீ. நீளத்தை ரெஃபியூஜியத்துக்கு ஒதுக்கினால் அது சுமார் 38 லிட்டர் கொள்ளும். உங்கள் தொட்டியின் மொத்த நீரில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கான இந்த அளவு போதுமானது. தடுப்புக் கண்ணாடிகளை ஒட்டப் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிக்கானையே கேட்டு வாங்குங்கள். குளியலறைக்கென்று விற்கப்படும் வகைகளில் அந்த மருந்து பெரும்பாலும் கலந்திருக்கும். கடைசித் தடுப்பின் வாயில் வலை கட்டாவிட்டால் பாசித் துணுக்குகள் பம்ப்பை அடைத்துவிடும். ரெஃபியூஜியத்தில் நீர் மிக மெதுவாகத்தான் ஓட வேண்டும் என்ற பழைய அறிவுரையை நான் ஏற்பதில்லை. ஓட்டம் நன்றாக இருந்தால்தான் பாசியின் உள்ளிழைகள் வரை ஊட்டம் சென்று சேரும், கசடும் அதன்மேல் படியாது.

மின்வெட்டைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. அதற்குக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே தீர்வு. பம்ப் நின்றதும், ரிட்டர்ன் குழாயின் வாய் மூழ்கியிருக்கும் ஆழம் வரை மேல்தொட்டி நீர் அதே குழாய் வழியாகக் கீழே இறங்கும். உங்கள் தொட்டியில் ஒரு செ.மீ. உயர நீர் என்பது 5.4 லிட்டர். குழாய் 5 செ.மீ. மூழ்கியிருந்தால் 27 லிட்டர் இறங்கி, சம்ப்பின் மட்டம் ஏறக்குறைய 8 செ.மீ. உயர்ந்து 33 செ.மீ. ஆகும், விளிம்புக்கு 5 செ.மீ. மீதமிருக்கும். வழிவுக் குழாய்களில் தங்கியிருக்கும் நீரும் இத்துடன் வந்து சேரும் என்பதால், 25 செ.மீ. உயரத்துக்கு மேல் சம்ப்பை நிரப்பி வைக்காதீர்கள். ரிட்டர்ன் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சிறு துளையிட்டால் அதன் வழியே காற்று புகுந்து இறக்கம் முன்னதாகவே நின்றுவிடும். ஆனால் அந்தத் துளையைப் பாசி மூடிவிடாமல் அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும். ஒருவழி வால்வை மட்டும் நம்ப வேண்டாம், ஒரு சிறு நத்தை சிக்கினாலே அது மூடாது. எல்லாம் பொருத்தியபின் பம்ப்பை நீங்களாகவே நிறுத்தி, அருகில் நின்று பாருங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் ரிட்டர்ன் பம்ப்பை அதில் இணையுங்கள். இல்லாவிட்டால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று மேல்தொட்டிக்கு அவசியம், ஏனென்றால் இருட்டில் பாசியும் மீன்களோடு சேர்ந்து ஆக்சிஜனைச் செலவழிக்கும்.

கேள்வி: ரெஃபியூஜியத்தில் கீட்டோ என்ற நூல்போன்ற பச்சைப்பாசி நன்றாக வளர்ந்துவந்தது. இப்போது வெளுத்து உதிர்கிறது. நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் மட்டும் 0.15 பிபிஎம் காட்டுகிறது. காலெர்ப்பா என்ற வேறு பாசிக்கு மாறலாமா?
— வாசகர், திருமங்கலம்

பதில்: மாற வேண்டாம். உங்கள் கீட்டோ பட்டினி கிடக்கிறது. கடற்பாசிகளின் உடலில் ஒரு பாஸ்பரஸ் அணுவுக்குச் சராசரியாக 30 நைட்ரஜன் அணுக்கள் உள்ளன. அதனால் பல தொட்டிகளில் நைட்ரேட் முதலில் தீர்ந்து, பாஸ்பேட் மிஞ்சிவிடுகிறது. மிஞ்சியதை உறிஞ்சவும் பாசிக்கு நைட்ரேட் வேண்டும். தீனியைச் சற்றுக் கூட்டுங்கள், அல்லது மீன்தொட்டிக்கென விற்கும் நைட்ரேட் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, 5 பிபிஎம் அளவில் நிலைநிறுத்துங்கள். வெளுத்ததை அகற்றிவிட்டுப் பச்சையாக உள்ள பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நைட்ரேட் இருந்தும் நிறம் மங்கினால் இரும்புச் சத்துக் குறைவைச் சந்தேகிக்கலாம். காலெர்ப்பா வேகமாக வளரும் என்பது உண்மைதான். ஆனால் அது திடீரென இனப்பெருக்க நிலைக்குப் போய், தன் உடலிலுள்ள அனைத்தையும் நீரில் வெளியிட்டு, ஒரே இரவில் தொட்டியைப் பால்போல் கலங்கச் செய்துவிடக்கூடும். சிறிய தொட்டியில் அந்த ஆபத்தை ஏற்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: பாசி விளக்கை எத்தனை மணி நேரம் எரியவிட வேண்டும்? அக்னி நட்சத்திரக் காலத்தில் தொட்டி 31 டிகிரியைத் தொடுகிறது.
— வாசகி, மேலூர்

பதில்: மேல்தொட்டி விளக்கு அணைந்தபின் தொடங்கி, விடியும்வரை 10 முதல் 12 மணி நேரம் எரியட்டும். இரவில் எல்லா உயிர்களும் கரியமில வாயுவை வெளியிடுவதால் பிஎச் (நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் அளவு) இறங்குகிறது. அந்நேரத்தில் பாசி ஒளிச்சேர்க்கை செய்தால் அந்த இறக்கம் குறையும். நம் ஊர் வெயிலுக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு: விளக்கின் சூடு பகல் வெப்பத்தோடு சேராமல் இரவில் பிரிந்து விழுகிறது. செடி வளர்ப்புக்கான சிவப்பும் நீலமும் கலந்த எல்இடி போதும்.

31 டிகிரி மிக அதிகம். 27-ஐ ஒட்டி வைத்திருக்க வேண்டும். நீர்ப்பரப்பின்மேல் மின்விசிறி வீசினால் நீர் ஆவியாகிச் சில டிகிரி குறையும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். எனவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. நீரைத் தினமும் சேர்க்க வேண்டும். தடுப்புகள் இருப்பதால் இந்தக் குறைவு ரிட்டர்ன் அறையில் மட்டுமே தெரியும். அங்கே ஒரு கோடு வரைந்துவைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரெஃபியூஜியம் இருந்தால் மாண்டரின் மீன் வாங்கலாமா?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: அறை அமைத்த உடனே வாங்காதீர்கள். மாண்டரின் பகலெல்லாம் கோப்பிபாட் (இறால் இனத்தைச் சேர்ந்த மிகச்சிறு உயிர்) போன்ற சிற்றுயிர்களைப் பொறுக்கித் தின்னும் மீன். பெரும்பாலும் உலர்தீனியைத் தொடாது. இரவில் டார்ச் அடித்துப் பார்க்கும்போது கண்ணாடியெங்கும் வெள்ளைப் புள்ளிகளாக அவை ஊர்வது சில மாதங்கள் தொடர்ந்து தெரிந்தால் யோசிக்கலாம். தாமிரம் கலந்த மருந்தை ஒருபோதும் இந்த அமைப்பில் ஊற்றக் கூடாது, அது கோப்பிபாட்களைக் கொன்றுவிடும்.

கேள்வி: ராமேஸ்வரம் போகும்போது மண்டபம் கடற்கரையிலிருந்து பாசியும் பவளக்கல்லும் எடுத்துவந்து ரெஃபியூஜியத்தில் போடலாமா?
— வாசகர், மானாமதுரை

பதில்: பவளக்கல்லைத் தொடவே தொடாதீர்கள். கல் பவளங்கள் அனைத்தும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. செத்துக் கரையொதுங்கிய துண்டை எடுத்துவந்தாலும் குற்றமே. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகின்றன. கடைகளில் கிடைக்கும் செயற்கைக் கல்லும் பீங்கான் வளையங்களும் பாக்டீரியாக்கள் குடியேறப் போதுமான இடம் தரும்.

அங்குள்ள கஞ்சிப்பாசி கிராசிலேரியா வகையைச் சேர்ந்தது, தொட்டியில் வளரக்கூடியதுதான். இருந்தாலும் கடலிலிருந்து நேராக வரும் பாசியில் நண்டுக் குஞ்சுகளும், தொட்டியெங்கும் பரவும் சிறு அனிமோன்களும் (கடல் சாமந்திகள்) ஒளிந்திருக்கும். ஏற்கெனவே தொட்டி வைத்திருப்பவரிடம் ஒரு கைப்பிடி கீட்டோ கேட்டு வாங்கி, உப்புநீரில் அலசி, தனி வாளியில் சில நாள் வைத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். அறுவடை செய்த பாசியை எக்காரணத்தாலும் கடலிலோ கண்மாயிலோ வீசாதீர்கள். வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாஃபைக்கஸ் என்ற அயல்பாசி மன்னார் வளைகுடாவிலுள்ள குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்கள்மேல் படர்ந்து அவற்றை மூடியது 2008-இல் பதிவாகியுள்ளது. அறுவடைப் பாசியை நன்னீரில் நன்கு அலசி உப்பை நீக்கி, வெயிலில் காயவைத்தால் அது செடிகளுக்கு உரமாகும்.