தலைநகரை உண்டாக்குவது கட்டடமா?

கேள்வி: கான்ஸ்டாண்டிநோபிளைப் (இன்றைய இஸ்தான்புல்) பிடித்த உதுமானிய சுல்தான் இரண்டாம் மெஹ்மெத், பள்ளிவாசலும் அரண்மனையும் கட்டியே அதைப் பேரரசின் தலைநகராக உயர்த்தினார் என்று படித்தேன். இது சரிதானா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: பாதிதான் சரி. 1453 மே 29 அன்று மெஹ்மெத் உள்ளே நுழைந்தபோது அந்நகரில் கட்டடங்களுக்குப் பஞ்சமில்லை, குடிகளுக்குத்தான் பஞ்சம். முற்றுகைக்கு முன்பே மதிலுக்குள் வயலும் தோட்டமுமாகக் கிடந்த நகரம் அது. எஞ்சியிருந்தவர்களிலும் பெரும்பாலோரைச் சூறையாடிய படை அடிமைகளாகக் கொண்டுபோயிற்று.

விரும்பி வருவோருக்குக் காலி வீடுகள் சொந்தம் என்று அறிவித்தும் போதிய ஆட்கள் வரவில்லை. ஆகவே அனதோலியாவிலிருந்தும் (இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதி) பால்கன் பகுதிகளிலிருந்தும் முஸ்லிம், கிறிஸ்தவ, யூதக் குடும்பங்களை ஆணையிட்டுப் பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். 1461இல் கருங்கடற்கரைக் கிரேக்க அரசான ட்ரெபிசாந்து வீழ்ந்ததும் அங்கிருந்தும், 1475இல் கிரிமியாவின் துறைமுகமான கஃபா வீழ்ந்ததும் அங்கிருந்தும் மக்கள் வந்து சேர்ந்தனர். இப்படி வந்தவர்களிடம், கொடுத்த வீடுகளுக்கே அரசு வாடகை கேட்டது. சொந்த வீட்டை விட்டுவரச் செய்துவிட்டு, யாரோ விட்டுப்போன வீட்டுக்குக் குடிக்கூலி கேட்பதா என்று கொதித்துச் சிலர் ஓடியே போனார்கள். சுல்தான் வாடகையை நீக்கி, வீடுகளை உரிமையாக்கிப் பத்திரம் கொடுத்தார். பின்னாளில் ஓர் அமைச்சரின் யோசனைப்படி அதே வாடகை மீண்டும் வந்தது. மெஹ்மெத்தின் நகராக்கத்தைப் புரிந்துகொள்ள, எந்தக் குவிமாடத்தையும்விட இந்த வாடகைத் தகராறே எனக்கு உதவுகிறது.

கட்டடங்களும் இந்தக் குடியேற்றத்துக்கே துணை நின்றன. பள்ளிவாசலாக மாற்றப்பட்ட ஹாகியா சோஃபியா பேராலயத்தின் பராமரிப்புக்கு, அவர் எழுப்பிய மூடிய சந்தையின் கடை வாடகை வக்ஃபாக, அதாவது அறக்கொடையாக, எழுதிவைக்கப்பட்டது. அமைச்சர்களும் ஆளுக்கோர் இடத்தில் பள்ளிவாசல், குளியல் கூடம் முதலியவற்றைக் கட்ட வேண்டுமென்று 1459இல் உத்தரவாயிற்று. அவற்றைச் சுற்றிக் குடியிருப்புகள் எழுந்தன. 1477ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், எதிர்க்கரையிலுள்ள கலாத்தா உட்பட, 16,324 குடும்பங்கள் பதிவாயின.

1454இல் கிரேக்கர்களுக்கு ஜென்னாடியோஸைத் தலைமைக் குருவாக அமர்த்தியதைப் பெருந்தன்மை என்று பலர் புகழ்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால், கிரேக்கக் குடிகள் திரும்பி வந்து தொழில் செய்து வரி கட்டினால்தான் நகரம் நிமிரும் என்ற கணக்கும் அதில் இருந்தது. அந்தக் குருவுக்கு முதலில் ஒதுக்கிய அப்போஸ்தலர் தேவாலயம் பின்னர் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் 1463 முதல் 1470 வரை சுல்தானின் பெரிய பள்ளிவாசல் எழுந்தது. அந்தக் கட்டடக்கலையைப் போற்றுங்கள். கூடவே, அங்கே இருந்த தேவாலயத்தையும், ஊரைவிட்டுப் பெயர்க்கப்பட்டு வந்த குடும்பங்களையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.