கதவுக்குப் பின்னால் இருந்த கணக்கு

அன்புள்ள ஐயா,

தொண்டியில் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். பதினான்கு மாதங்களாக, பங்குச் சந்தைக் குறியீடான நிப்டி ஏறுமா இறங்குமா என்று கணித்துப் பணம் போடும் ஆப்ஷன் ஒப்பந்தங்களில் வணிகம் செய்து 3,40,000 ரூபாயை இழந்திருக்கிறேன். அதைப் படிப்புச் செலவாகவே எடுத்துக்கொள்கிறேன். என் பேராசையையும் பயத்தையும் எனக்குக் காட்டியது சந்தைதான். சந்தையும் நம் கடலைப் போலத்தானே, பொறுத்தவனுக்குக் கொடுக்கும்! வேலையை விட்டு முழுநேரமாக இறங்கலாமா? மனைவிக்கு இன்னும் தெரியாது. லாபம் வந்ததும் சொல்லிவிடுவேன்.

ம., தொண்டி

அன்புள்ள ம.,

வேலையை விடாதீர்கள். கேள்விக்குப் பதில் அவ்வளவுதான்.

கடலை இதில் இழுக்காதீர்கள். நான் பாம்பன்காரன். வடகடலில் ஒருவன் வெறும் வலையோடு திரும்பினால் கடலுக்கு அதில் ஒரு காசு லாபமில்லை. என்ஜின் நின்றுபோனால் பக்கத்துப் படகுக்காரன் கயிறு கட்டி இழுத்து வருவான். ஆப்ஷனில் நீங்கள் இழந்தது எதிர்ப்பக்கம் நின்றவனுக்கும் தரகுக்கும் வரிக்கும் போயிருக்கிறது. 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் பியூச்சர், ஆப்ஷன் என்ற இந்த வகை ஒப்பந்தங்களில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டப்பட்டார்கள் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2024 செப்டம்பரில் சொன்னது. மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இத்தனை பேரும் தங்களைக் கண்டடைந்தா வெளியே வந்தார்கள்?

படிப்புச் செலவாம்! வாத்தியார் எழுதும் சொல்லா இது? கட்டணம் என்றால் சேரும்போதே தொகை தெரியும். பிள்ளை தோற்ற பிறகு அதன் பையில் எவ்வளவு இருந்ததோ அதுதான் கட்டணம் என்று உங்கள் பள்ளியில் சொல்வார்களா? பணம் போன பிறகு வைத்த பெயர் இது. அப்புறம், சந்தை காலை 9.15 முதல் பிற்பகல் 3.30 வரை. உங்கள் வகுப்பும் அப்போதுதானே? அந்தப் பிள்ளைகளைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி இல்லை.

சென்ற மாதம் எங்கள் பழைய வீட்டை இடித்தார்கள். அதிலிருந்து அப்பத்தா நினைவாகவே இருக்கிறது. நெத்திலிக் கருவாடு வாங்கி விற்றவள், எழுதத் தெரியாது. லாபம் வந்தால் அடுப்படிச் சுவரில் கரியால் நெடுக்காக ஒரு கோடு. நட்டம் என்றால் வாசல் கதவுக்குப் பின்னால் குறுக்காக ஒரு கோடு. ஓர் ஐப்பசி மழையில் நான்கு சிப்பம் நனைந்து புழு வைத்துவிட்டது. கொல்லை மணலில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, கைகூடக் கழுவாமல் வந்து நான்கு கோடு இழுத்தாள். கரியோடு கருவாட்டு எண்ணெயும் சேர்ந்து ஊறியதால், பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்த பிறகும் அந்த நான்கும் மஞ்சளாகக் கசிந்து தெரிந்தன.

பகலில் கதவு சுவரோடு சாய்ந்திருக்கும், வருகிறவர் கண்ணில் கோடுகள் படாது. நட்டத்தை மறைக்கிறாள் என்றுதான் சிறுவயதில் நினைத்தேன். ஆனால் இரவில் கதவைச் சாத்தினால் தாத்தா சாப்பிட உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே அந்தச் சுவர்தான்.

அன்றைக்குத் தாத்தா நிமிர்ந்து பார்த்தார். “நாலா?”

“நாலு,” என்று சொல்லிக் குழம்பை ஊற்றினாள்.

லாபம் வந்ததும் சொல்வீர்களா? அதை எவன்தான் சொல்ல மாட்டான்? பதினான்கு மாதக் கணக்கையும் அச்செடுத்து இன்று இரவே உங்கள் மனைவியிடம் கொடுங்கள். அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள், திட்டியிருந்தால் அதையும் சேர்த்து.